வாத்தியார் இல்லாத குழு

தென் கொரியாவின் பூசான் நகரில், வேலை தேடுவோருக்கு ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்றில் ஓக் கி தே என்பவர் வாத்தியார். அதற்கு முன் பத்து வருடம் கம்பெனியில் இருந்தவர். மேலதிகாரி எழுதிய நிரலில் ஒரு தப்பைக்கூட அவர் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது நடத்தும் பாடமோ, அடுத்தவர் நிரலைப் படித்துத் தப்பைச் சொல்வது எப்படி என்பது. தன் தகுதியை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

மாணவர்கள் பன்னிரண்டு பேர். யார் நிரலைக் காட்டினாலும் "நல்லா பண்ணிருக்கீங்க" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு வயது மூத்தவரிடம்கூடக் குறை சொல்லக் கூசினார்கள். அடுத்த வாரம் நேர்காணல். ஒரு நிரலைக் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். இப்படி ஊமையாக உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கும் வேலை கிடைக்காது.

கடைசியில் ஒரு நாள் தன் நிரலையே மாணவர்களுக்கு அனுப்பிவைத்தார். சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் நிரல். வேண்டுமென்றே ஒரு தப்பை நுழைத்திருந்தார். மறுநாள் வகுப்பில் பன்னிரண்டு பேரும் "பிரமாதம் சார்" என்றார்கள்.

"ஆர்டரை ரத்து பண்ணினா இன்னொரு சாப்பாடு வருது. அதுவுமா பிரமாதம்?"

கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடை நடத்தி மூடிவிட்டுப் படிக்க வந்த பியோ மிரானுக்கு ஐம்பத்து நான்கு வயது. வகுப்பில் வாத்தியாரைவிட மூத்தவர் அவர் ஒருவர்தான். பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"நான் வயசுல பெரியவ, அதனால சொல்றேன். கோவிச்சுக்காதீங்க சார். நீங்க இல்லாத சாட் குரூப் ஒண்ணு வச்சிருக்கோம். அதுல நேத்தே எல்லாம் பேசியாச்சு."

"அந்தத் தப்பையா?"

"பத்தொன்பது தப்பு சார்."

நுழைத்தது ஒன்று. மீதிப் பதினெட்டும் கி தேவின் சொந்தச் சம்பாத்தியம்.

மிரானின் போனை வாங்கிப் பார்த்தார். எந்த வரி, ஏன் தப்பு, எப்படித் திருத்தலாம் என்று அவர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே, பண்பாக எழுதியிருந்தார்கள். இத்தனை மாதமாகப் பாடம் நன்றாகத்தான் நடந்திருக்கிறது, வாத்தியார் மட்டும் வரவில்லை. வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

"நேர்காணல் பண்றவரும் உங்களவிடப் பெரியவராத்தான் இருப்பாரு. அவருக்குத் தெரியாம குரூப் ஆரம்பிக்க முடியாது. என் மூஞ்சியப் பாத்து இந்தத் தப்பையெல்லாம் படிங்க."

இருபத்திரண்டு வயது உன்சே எழுந்து, குனிந்து வணங்கினாள். "மன்னிச்சுக்கோங்க சார். ஏழாவது வரி தப்பு." அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்தவனும் வணங்கிவிட்டே ஆரம்பித்தான். எட்டாவது தப்பு வந்தபோது வணக்கம் நின்றுபோனது. பதின்மூன்றாவதில் ஒருவன், "இத எப்படி சார் எழுதினீங்க?" என்று கேட்டேவிட்டான். வகுப்பே சிரித்தது.

கி தேவுக்கு முகம் சுட்டது.

"தெரியல," என்றார். "அடுத்ததச் சொல்லு."