ரீச்சா?

நம் ஆபீஸ் ஷட்டில் வண்டியின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் செய்தி வந்தது. “அம்மா மதியம் தவறிட்டாங்க” என்று தனம் அக்காவின் எண்ணிலிருந்து அவர் மகன் போட்டிருந்தான். அதைப் படிக்காமலே கீழே வரிசையாகச் சிலர் வீடு சேர்ந்ததாக வழக்கம்போல “ரீச்டு” என்று போட்டார்கள். அவர்களைத் திட்டுவதா, அழுவதா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். நான் போடுவதா, வேண்டாமா?

வைட்ஃபீல்டில் நம் ஆபீஸ் வண்டிகளைக் கவனித்துக்கொண்டவர் அக்கா. இதே ஊரின் ஈஜிபுரா பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் சேலத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், தெரியாத எண்ணிலிருந்து “ரீச்சா?” என்று வந்தது. ஏதோ மோசடி என்று பிளாக் பண்ணிவிட்டேன். மறுநாள் காலை என் இருக்கைக்கே வந்து நின்றார். “ஏன் கண்ணு, என்னையே பிளாக் பண்ணிட்டியா? நீ வூடு சேந்தியா இல்லியான்னு தெரியாம நான் எப்பிடி சோறு துன்றது?” டீம் மொத்தமும் பார்த்தது. மானமே போயிற்று. இவருக்கு ஏன் இந்தக் கவலை என்று அன்று விளங்கவில்லை. இன்றும் சரியாக விளங்கவில்லை.

அந்தச் சொல்லே குழப்பம்தான். நம் மார்க்கெட்டிங் ஆட்களுக்கு ‘ரீச்’ என்றால் விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. மேனேஜர் “எதுனாலும் ரீச் அவுட் பண்ணுங்க” என்றால், இப்போதைக்கு ஆளை விடு என்று அர்த்தம். அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். “அதெல்லாம் எனக்கு கொத்தில்ல, தெரியாது கண்ணு. உள்ள போய் கதவ சாத்தி தாப்பா போட்டியா? அதான் ரீச்.”

அக்கா போனபின் இப்போது ஷட்டிலுக்கு ஆப் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதுவே கேட்கிறது, நான் பட்டனை அமுக்குகிறேன். யாரிடம் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. இந்த ஊரில் தனியாக இருக்கும் எனக்கு, வந்து சேர்ந்தாயா என்று கேட்க இருந்தவர் அவர் ஒருவர்தான். இப்படிச் சொல்லாமல் போகலாமா அக்கா?

நேற்று சாயங்காலம் பேய் மழை. புதிதாகச் சேர்ந்த பெண் பானத்தூரில் பாதி வழியிலேயே ஷட்டிலிலிருந்து இறங்கிக்கொண்டாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், பிசையாமலே போனை எடுத்தேன். டிரைவரிடம் அவள் எண்ணை வாங்கி “ரீச்சா?” என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவள் புரொஃபைல் படம் மறைந்துபோனது. பிளாக் பண்ணிவிட்டாள்! அப்படியென்றால் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதானே? ரோட்டில் நின்றுகொண்டே பண்ணியிருந்தால்? சோறு ஆறிப்போயிற்று.

இதை ஷட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீஸ் போனதும் நேராக அவள் இருக்கைக்குத்தான் போகிறேன். அக்கா கொடுத்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான். அதை அப்படியே, டீம் மொத்தமும் பார்க்க, அவளுக்குக் கொடுக்கப்போகிறேன்.