அலுமாரியில் இருந்த பார்லி

என் தாய்மாமனுக்கு மலாயா ரயில்வேயில் கிளாக்கர் வேலை. ஒருமுறை லீவில் வந்தவர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு விசுக்கிப் போத்தலை எடுத்தார். சைவ வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“உது பார்லிதான், அக்கா” என்றார் மாமா.

பார்லி என்றதும் அம்மா கொஞ்சம் இளகினார். கால் வீங்கினால் அவித்துக் குடிக்கிற சாமான்தானே. மாமாவுக்கு அது போதும், விசுக்கி காய்ச்சுகிற, தான் கண்ணால் காணாத ஸ்கொத்லாந்துக்கே பேச்சில் போய்விட்டார். பார்லியை ஊறவைத்து, நாங்கள் விதைநெல்லை முளைகட்டுவதுபோல முளைகட்டி, சூட்டில் உலர்த்தி அரைத்து, வெந்நீரில் கரைத்துப் புளிக்கவைப்பார்களாம். பிறகு செப்புப் பானையில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்காகப் பூட்டிவைப்பார்களாம். முளைப்பார்லியை மட்டும் காய்ச்சுவது ஒரு சாதி. வேறு தானியமும் சேர்த்துக் காய்ச்சுவது இன்னொன்று. இரண்டையும் கலந்ததுதான் துரைமார் கிளப்பில் குடிப்பது. அமெரிக்காக்காரனோ சோளத்தைக் காய்ச்சி, உட்புறம் கருக்கின புதுப் பீப்பாயில் ஊற்றுவானாம். குடிவகையிலும் சாதி பார்க்கிறார்களே என்று நான் வாயைப் பிளந்தேன்.

“புளிக்கவைச்சுக் காய்ச்சிறதெண்டால் சாராயந்தானே?” என்றார் அம்மா.

“சத்தம் போடாதையுங்கோ. உது மருந்து.”

மருந்து ஐயாவின் அலுமாரிக்குள் போனது. என் தகப்பனாராகிய அந்த ஐயாதான் ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கள்ளு விற்கிற தவறணையை மூடுவதா இல்லையா என்று அடுத்த கிழமை ஊரார் வாக்குப்போட இருந்தார்கள். பாதிப்பேர் ஐயாவின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஐயாவுக்கோ அந்தக் கிழமை முழுக்கத் தடிமனும் தும்மலும். பின்னேரமானால் மாமாவோடு இருந்து மருந்து குடித்தார்.

எங்கள் வளவுப் பனைகளில் கள்ளுச் சீவியவர் வேலன். வீட்டில் எல்லோரும் அவரை ‘அவன்’ என்றார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கிய புளிக்காத கருப்பநீரை, காலையில் ஓலைப் பிளாவில் எனக்கு வார்த்துத் தருவார்.

“தவறணையைப் பூட்டினால் என்ரை கள்ளை ஆர் வாங்கிறது, பிள்ளை? பிழைக்க வன்னிக் காட்டுக்குத்தான் போகவேணும்” என்றார் ஒருநாள்.

“நான் பூட்ட விடமாட்டன்” என்றேன். எனக்கு எட்டு வயது.

பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். “புளிச்ச தண்ணிக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறியள்!” என்று ஐயா முழங்கினார். நான் எழும்பினேன்.

“ஐயா, எங்கடை அலுமாரிக்கை இருக்கிற விசுக்கியும் புளிச்ச தண்ணிதானே?”

முளைகட்டியது முதல் பீப்பாய் வரை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஐயாவோ சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, “ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா” என்றார்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஐயா எல்லோர் முன்னாலும் போத்தலைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை மணலில் ஊற்றினார். யாரோ “அரோகரா” என்றார்கள். கூட்டமே திருப்பிச் சொன்னது. எனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றென்று ஐயாவே ஒப்புக்கொண்ட பிறகு தவறணையை யார் பூட்டுவது?

பூட்டினார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களின் வாக்குகளை மணலில் கொட்டிய அந்த விசுக்கிதான் ஐயாவிடம் கொண்டுவந்து சேர்த்தது. இது எனக்கு விளங்கியபோது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் நான் சொன்னது பிழையென்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். கள்ளும் விசுக்கியும் ஒன்றுதான். இன்னொரு கூட்டம் வைத்தாலும் எழும்பி அதையே சொல்வேன்.

வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில், சட்டிபானையும் பெண்சாதி பிள்ளைகளும் ஏற்றிய வண்டிலோடு வேலன் எங்கள் படலையடியில் வந்து நின்றார். நாங்கள் வண்டில் கட்டிப் போவதுபோல அவர்களும் திருவிழாவுக்குப் போகிறார்களாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கும் பிளாவில் கருப்பநீர் வார்த்தார்.

“பிள்ளை எங்களுக்காகக் கதைச்சதெண்டு கேள்விப்பட்டன்” என்றார்.

“ஓம். எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, முழுவதையும் குடித்துவிட்டு, நாளைக்கும் கொண்டுவரச் சொன்னேன்.