நாங்கள் தண்ணீர் குடிக்காத பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்துக்குப் புது ஹைஸ்கூல் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அப்போது நாங்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் மோகனூர். வேலை கிடைத்து அவர் இங்கே வந்த காலத்தில் ஸ்டேஷனைத் தாண்டினால் சோளக்காடுதானாம். நான் பார்க்கப் பார்க்கவே அந்தக் காடெல்லாம் வீடாகிவிட்டது. ரயில்வேக்காரர்களை நம்பிக் கடைக்காரர்கள் வந்தார்கள், கடைக்காரர்களை நம்பி வண்டிக்காரர்கள் வந்தார்கள், டவுனுக்குள் இடம் போதாமல் தறிக்காரர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். இத்தனை பேருடைய பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் டவுனுக்கு நடக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பல வருஷம் மனுப் போட்டு, கடைசியில் ஜில்லா போர்டார் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு மேட்டுக்காட்டில் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

சேர்க்கை அன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான். அவருக்குப் பெண் கல்வி என்று பெரிய கொள்கை எதுவும் கிடையாது. கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் புறப்பட்டார். சுண்ணாம்பு வாடை அடங்காத வராந்தாவில் அப்பாக்களும் பையன்களும் நெருக்கியடித்து நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், பேச்சு மெதுவாக வரும்.

அப்பா முன்னால் போய்க் கேட்டார். "ஏனுங்க சார், பொட்டப்புள்ளைகளைச் சேர்த்துக்குவீங்களா?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். "சேர்க்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதியிருக்கலை" என்றார்.

"அப்பச் சேர்த்துக்குங்க."

அவ்வளவு சுலபமாக முடிந்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்ற தறிக்காரர் ஒருவர் தன் மகனைச் சேர்க்க வந்தவர். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் தன் மகளையும் அழைத்து வந்தார். "அந்தப் புள்ள வருதுன்னா எம் புள்ளையும் வரட்டுங்க" என்றாராம். இப்படித்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பெண்கள் ஆனோம்.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவாள். சிரிப்பை அடக்கத் தெரியாது. வராந்தாவில் வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த வாத்தியார், இன்றைக்கு அவருக்கு மனம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாத்தியார் கரும்பலகையில் பாதி எழுதும்போதே விடையை என் தொடையில் விரலால் எழுதிக் காட்டுவாள்.

எங்களுக்கு வாத்தியார் மேஜையை ஒட்டிக் குறுக்காக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பையன்கள் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் சுவரைத்தான் பார்க்கலாம். வாத்தியார் வந்த பிறகு உள்ளே போவோம், அவர் போகும்போது கூடவே வெளியே வந்து தூணோரம் நிற்போம். இதெல்லாம் சில வாரங்களில் பழகிப்போயிற்று. பழகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. பையன்கள் மணியடித்ததும் பின்னால் இருந்த கள்ளிப் புதர்ப் பக்கம் ஓடுவார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. மற்றபடி சுற்றிலும் வெறும் மேட்டுக்காடு, ஒரு மரத்து மறைவுகூட இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய் வரலாம் என்று முதலில் முயன்றோம். இரண்டு பேரும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஓடுவோம். வழியில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னுமாக இழுத்து ஷண்டிங் செய்துகொண்டிருப்பார்கள், கேட் திறக்கவே திறக்காது. எதிர்ப்பக்கம் எங்கள் வீட்டு ஓடு தெரியும். நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். எப்படியோ போய்விட்டு வந்த நாட்களில் வகுப்புக்கு நேரமாகி, வெளியே நிற்க வேண்டியிருந்தது.

அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். காலையில் வீட்டில் ஒரு வாய் குடிப்பதோடு சரி. பள்ளிக்கூடத்தில் நல்ல கிணறு இருந்தது. சித்திரை வெயிலிலும் வற்றாத கிணறு. பையன்கள் இறைத்து இறைத்துக் குடிப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். நாங்கள் தூணோரம் நின்று பார்ப்போம்.

"நாக்கை மேல ஒட்டி வெச்சுக்க அம்மிணி. தாகம் தெரியாது" என்பாள் அவள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இரண்டாம் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு, படிக்கும்போது அவளுக்கு அடிக்கடி அடிவயிற்றில் வலி வர ஆரம்பித்தது. பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள். நான் அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா இதை எப்படிப் போய்ப் பேசுவது என்று நாலைந்து நாள் யோசித்துவிட்டு, ஒரு சாயங்காலம் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். அவருக்கு அது தோன்றவே இல்லையாம்.

அவர் உடனே போர்டு ஆபீசுக்கு எழுதினார். சில மாதம் கழித்து ஓவர்சியர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். பிளானில் பையன்கள் பள்ளிக்கூடம் என்றுதான் இருக்கிறது, பெண்களுக்கென்று கட்ட வேண்டுமானால் மேலிடத்து உத்தரவு வேண்டும், அதுவும் இரண்டு பேருக்காகக் கேட்டால் கிடைக்காது என்றார். "இன்னும் கொஞ்சம் பெண்கள் சேரட்டும் சார், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கக்கூஸ் இல்லாததால்தான் வேறு யாரும் பெண்களைச் சேர்க்கவில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஹெட்மாஸ்டர் காத்திருக்கவில்லை. பியூனை விட்டுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நாலு மூங்கில் நட்டு, ஓலைத் தட்டி வைத்துக் கட்டச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் பட்ட சந்தோஷத்தை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அவள் நேரே கிணற்றடிக்குப் போய், பியூனை ஊற்றச் சொல்லி, இரண்டு கையும் ஏந்தி வயிறு முட்டக் குடித்தாள்.

ஆடிக் காற்று வந்ததும் தட்டி பறந்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது முறை கட்டியபோது பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் நாங்கள் உள்ளே இருக்கும் நேரம் பார்த்துக் கல் எறிந்தார்கள். ஹெட்மாஸ்டர் விசாரித்து, அவர்களைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க நிறுத்திவைத்துப் பிரம்பால் அடித்தார். எங்களுக்காகத்தான் செய்தார். ஆனால் அதுவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்தது அன்றோடு நானூறு பேருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் எழுந்தாலே எங்காவது ஒரு இருமல் கேட்கும். உடனே இன்னொரு பக்கம் இருமல். வாத்தியார் திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் புத்தகத்தில் இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன். "நான் வாசல்ல நிக்கறேன், நீ போயிட்டு வா" என்பேன். "வேண்டாம் அம்மிணி, எனக்கு வரலை" என்பாள். செருப்புச் சத்தத்தைக் கேட்டு வாத்தியார் பேர் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் பாரத்தில், மார்கழி மாதம் என்று நினைவு, பூகோள வகுப்பில் அவள் பெஞ்சிலிருந்து சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பியூன் ஒரு மாட்டுவண்டி பிடித்து வந்தான். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மருந்து கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது என்று சொன்னாராம்.

காய்ச்சல் இறங்க வெகுநாளாயிற்று. அவள் வயதுக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ராசிபுரத்தில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

போன நேரம் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அவள் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். ஹெட்மாஸ்டருக்கு முக்காலி போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார். அவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் பாவாடை ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"உங்க பொண்ணு மாதிரிக் கணக்குப் போடற பையன் என் பள்ளிக்கூடத்தில் இல்லை. நிறுத்திடாதீங்கோ" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கும் நிறுத்தோணும்னு இல்லீங்க சாமி. நாளைக்கே அனுப்பறேன். காத்தால வந்தா பொழுது சாயற வரைக்கும் அது எங்க போவும்? அத மட்டும் சொல்லுங்க."

"போர்டுக்கு எழுதியிருக்கேன்."

"போன வருசமும் எழுதுனீங்க. நீங்க எழுதாம இல்லீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொல்றாங்க. இங்க அனுப்புவீங்களா?"

ஹெட்மாஸ்டருக்கு எங்கள் வயதில் ஒரு பெண் இருந்தாள். சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருந்தார். நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லை. அவர் தறியைப் பார்த்தார். பிறகு, "மாட்டேன்" என்றார்.

அவள் அம்மா மோர் கொண்டுவந்தாள். ஹெட்மாஸ்டர் வாங்கிக் குடித்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினார். திரும்பும்போது அப்பாவும் அவரும் முன்னால் நடந்தார்கள், நான் பின்னால். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் பெரியவர்கள். அவர்களால்கூட ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த வழியில்தான் புரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மணையில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் பழையபடி சிரித்தாள். "நீ முடிச்சிரோணும் அம்மிணி" என்றாள். நான் தலையாட்டினேன்.

நாலாம் பாரத்துக்கு நான் தனியாகப் போனேன். அந்த வருஷம் புதுப் பையன்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள், வராந்தாவில்கூட வகுப்பு நடந்தது. பெஞ்சு போதாமல் என் பெஞ்சை எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று என்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்தார், "நன்னா படி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்தவர், ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பொறுப்பேற்க முடியாது, டவுனில் பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். டவுன் நாலு மைல். நான் வயதுக்கு வந்திருந்தேன். அம்மா வேண்டாம் என்றாள்.

"நான் போறேனுங்கப்பா" என்றேன்.

அப்பா முற்றத்தில் நின்றுகொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். "நாலு மைலு தனியா எப்படிச் சாமி போவே?" என்றார். அவர் கேட்ட விதத்தில், நான் ஏதாவது வழி சொல்லமாட்டேனா என்ற எதிர்பார்ப்பு இருந்தது. எனக்கும் வழி தெரியவில்லை. என் படிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அதன்பின் எனக்கும் கல்யாணமாகிக் கரூர்ப் பக்கம் போனேன். உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒரு முறை அம்மாவைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்ப ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது அந்தத் தறிக்காரரை, அவள் அப்பாவைப் பார்த்தேன். பிளாட்பாரம் நிறையப் பட்டாளத்துக்காரர்கள். அவர்கள் நடுவில் ஜவுளி மூட்டை ஒன்றின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். மிகவும் இளைத்திருந்தார். நான் போய் இன்னாருடைய மகள் என்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"தெரியாதுங்களா சாமி? போயிட்டாளுங்க. ரண்டாவது பிரசவத்துல. உடம்பெல்லாம் வீங்கிப் போச்சு. உள்ள நீர்ப்பை, கிட்னியெல்லாம் முன்னாலயே கெட்டிருக்குதுன்னு டாக்டரு சொன்னாங்க."

நானும் அந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அடக்கி அடக்கி வைத்ததால்தான் அப்படி ஆயிற்றா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அவர் மனதிலும் அது ஓடியிருக்க வேண்டும்.

"நீங்க படிச்சு முடிச்சீங்களா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அந்த வருசமே நிறுத்திட்டாங்க."

"அப்படீங்களா." மூட்டைக் கயிற்றை இழுத்து இறுக்கினார். "அவ சொல்லிக்கிட்டே கெடப்பா. அம்மிணி இந்நேரம் முடிச்சிருக்கும், எங்கியாச்சும் டீச்சரா இருக்கும்னு."

ஈரோட்டு வண்டி வந்தது. அது முழுக்கப் பட்டாளமாகத்தான் இருந்தது. ஒரு கதவில் ஒருவருக்கு மட்டும் இடம் தெரிந்தது, நான் அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று நின்றுகொண்டேன். மூட்டையை உள்ளே தள்ள நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் எப்படியோ ஏறிக்கொண்டு, நெருக்கத்தில் திரும்ப முடியாமல், முதுகு காட்டியபடியே, "வாரேனுங்க" என்றார்.