கலைவாணி வீட்டு பிராட்பேண்ட்

1. யார் கொடுக்கிற பணம்

ஹமீது பாய் அன்றைக்கு என் மேசைக்கு வந்தபோது, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. புதுச்சேரி டவுனில் அவர் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. கடை மாடியில் டைப்பிங் சென்டர் நடத்திவந்தார். பிரான்சில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் நெட்டில் வரும். பிரெஞ்சு தெரிந்த நம் பெண்கள் கேட்டு டைப் செய்து அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள். நான் அப்போது ஒரு டெலிபோன் நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளர். நகரத்துக்கு மேற்கே இருந்த கிராமத்து எக்ஸ்சேஞ்சுகள் என் பொறுப்பு. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நடந்தது இது.

“பேப்பர்ல போட்டிருக்கான் மேடம். நாங்க கட்டுற போன் காசுல ஒரு பங்கு, கிராமத்துக்கு பிராட்பேண்ட் குடுக்கப் போவுதாமே? பில்லுல அப்படி ஒரு வரியே காணோம்?”

“பில்லுல தனியா வராது பாய். கம்பெனி தன் வருமானத்துல ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்டணும். அந்த நிதியிலருந்து கிராமத்துக்குச் செலவு பண்றாங்க.”

“அந்த வருமானம் யாரு குடுக்குறது? நாங்கதான?”

“நீங்கதான்.”

சண்டைக்குத் தயாராக வந்தவர், நான் ஒப்புக்கொண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி. அப்ப எங்க பொண்ணு ஒருத்திக்குக் குடுங்க.”

அவர் சொன்னது சென்டரில் டைப் செய்துகொண்டிருந்த கலைவாணியை. சேதராப்பட்டைத் தாண்டி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மார்க் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தவள் அதிலேயே பி.ஏ. முடித்திருந்தாள். அவள் டைப் செய்ததை யாரும் திருத்திப் பார்க்க வேண்டாம் என்பார் பாய். அவள் கணவர் குமார் மேல் ஃபேக்டரியில் லோடு சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. படுக்கையில் புரட்டிவிடக்கூட ஆள் வேண்டும். பிரான்சில் விடியும்போது நமக்கு மதியம் ஆகிவிடும் என்பதால் சென்டர் வேலை முடிய இரவாகும். அவ்வளவு நேரம் வெளியே இருக்க முடியாமல் வேலையை விட்டிருந்தாள். வீட்டில் நெட் வந்தால் கம்ப்யூட்டர் நான் தருகிறேன் என்று பாய் சொல்லியிருந்தார்.

2. பச்சை விளக்கு

அந்த நிதியிலிருந்து கலைவாணி ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு பிராட்பேண்ட் கருவி வந்து இறங்கியிருந்தது. கேபிள் மட்டும் பழசு. அவள் வீடோ ஊரின் கடைசி. முதல் நாள் மோடம் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததே தவிர, நிலையாக எரியவில்லை. நானும் லைன்மேனும் வழியில் இருந்த கேபிள் ஜாயிண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிதாகச் சேர்த்தோம். அடுத்த முறை விளக்கு பச்சையாக நின்றது.

முதல் ஒலிப்பதிவு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கலைவாணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். படுத்திருந்த குமார் கேட்டார்.

“யாருக்கு என்னாவாம்?”

“ஒரு பெரியவருக்கு இடுப்பு எலும்பு மாத்தியிருக்காங்களாம்.”

“நடப்பாராமா?”

அவள் கை நின்றுவிட்டது. “நடப்பாருன்னுதான் சொல்றாரு டாக்டரு” என்றாள் மெதுவாக.

குமார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போய் அவர் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு வந்து உட்கார்ந்து மிச்சத்தை டைப் செய்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் போல அந்த லைனில் ஒரு புகாரும் வரவில்லை.

3. ரோடு வேலை

மழைக்கு முன்னால் அந்த ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். யாரும் எங்களுக்குத் தகவல் சொல்லவில்லை. ஜேசிபி கேபிளைப் பல இடத்தில் அறுத்துப்போட்டது. அறுந்த முனைகளில் தண்ணீர் இறங்கி, இருந்த நல்ல பகுதியும் கெட்டது.

புது கேபிளுக்கு எஸ்டிமேட் போட்டு அனுப்பினேன். அது திரும்பி வந்தது. கிராம நிதி, கருவிக்கும் புது இணைப்புக்கும்தான். அறுந்த கேபிளுக்கு அதிலிருந்து எடுக்க முடியாது என்றார்கள். ரோடு போடுகிறவர்களிடம் நஷ்டஈடு கேட்கச் சொன்னார்கள். காண்ட்ராக்டர், கேபிள் போதிய ஆழத்தில் இல்லை என்றார். இப்படியே மழைக்காலம் போய்விட்டது.

பாய் பொறுத்துப் பார்த்தார். ஒலிப்பதிவை சிடியில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அது போய்ச் சேர்ந்து, டைப் ஆகித் திரும்புவதற்குள் மறுநாள் ஆகிவிடும்.

“என்னால இழுக்க முடியல மேடம்” என்றார் என்னிடம். “பிரான்சுக்காரன் அன்னிக்கே கேக்குறான். வேற ஆளு போட்டுட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரல.”

4. சரண்டர்

கலைவாணி மோடத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். சும்மா கிடக்கிற லைனுக்கு மாத வாடகை கட்ட முடியவில்லை, இணைப்பை சரண்டர் செய்ய வேண்டும் என்றாள். நான் மேலதிகாரியிடம் போனேன்.

“சரண்டர் வாங்காதீங்கம்மா” என்றார். “கிராமத்துல குடுத்ததே கொஞ்சம். அதுல குறைஞ்சா மேல கேள்வி வரும்.”

“சார், அங்க லைனே இல்லை.”

“லைன் என்னிக்காவது வரும். கணக்குல இருந்துட்டுப் போகட்டும்.”

வெளியே வந்து, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்கிறார்கள் என்றேன்.

“லைன் வந்து என்னா மேடம் பண்றது, வேலை போயிடுச்சே” என்றாள். “நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேக்கிங் வேலைக்குப் போறேன். காலைல பக்கத்து வூட்டுல சொல்லிட்டுப் போனா, பொழுது சாயத்தான் வர்றேன். அவங்களும் எத்தினி தடவ வந்து புரட்டிவுடுவாங்க? அவருக்கு முதுவெல்லாம் புண்ணு வச்சிடுச்சு.”

நான் மோடத்தை வாங்கிக்கொண்டு சரண்டரில் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அந்த ஊருக்கு லைன் இல்லை என்று மட்டும் பதில் எழுதினேன். அதற்காக என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

குமார் அடுத்த வெயில் காலம் வரை இருந்தார். புண் உள்ளே போய், ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் துக்கம் கேட்கப் போன வழியில் ரோட்டோரம் புது கேபிளுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இணைப்பு கொடுக்கும் நாளில் எல்லாரும் வந்து நிற்பார்கள். அன்றைக்கே கேளுங்கள்: இது அறுந்தால் யார் வருவார்கள், எந்தப் பணத்தில் வருவார்கள் என்று. கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு அது எக்ஸ்சேஞ்சு கருவியில் ஒரு போர்ட் நம்பர். அந்த வீட்டில் அதை நம்பித்தான் ஒருத்தி பகலையும் இரவையும் வேலைக்கும் படுத்திருப்பவருக்கும் என்று பிரித்து வைத்திருப்பாள்.