மொட்டையாக ஓடலாமா லாரி?

போன சனிக்கிழமை, நாமக்கல்லில் ஒரு லாரி பட்டறையில் எனக்குக் காவல் வேலை. கொடுத்தவள் என் அக்கா மகள் நித்யா. சேலத்தில் ஆராய்ச்சி மாணவி. காவல் எதற்கு? ஒரு தகட்டுக்கு!

சாதாரணத் தகடு இல்லையாம். வண்டியின் பின்னால் ஒட்டிவிட்டால் ரேடாருக்கு வண்டியே தெரியாதாம். நிற்கிற வண்டியை மறைப்பது சுலபம். ஓடுகிற வண்டியின் வேகம் மாற மாற, தகடும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் — அதுதான் பெரும்பாடு என்றாள். மூன்று வருட உழைப்பு. பதினோரு மணிக்குப் பேராசிரியர் வருகிறார். அவர் தலையாட்டினால்தான் பட்டம்.

ரேடாரை எடுத்துவரக் கிளம்பியவள், "மாமா, எங்கியும் போயிராதீங்க" என்றாள். நான் எங்கே போகப் போகிறேன்? எதிரே டீக்கடை வரைக்கும்தான். ஒரே ஒரு டீ... சரி, இரண்டு.

திரும்பி வந்தால், லாரிக்குப் பின்னால் ஒட்டியிருந்த தகடு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக ரேடியம் ஸ்டிக்கர்! பட்டறை பெயிண்டர் செல்வத்தின் கைங்கரியம். அந்த ஸ்டிக்கர் இருந்தால் தகடு வேலையே செய்யாது, ரேடாருக்கு வண்டி பளிச்சென்று தெரியுமாம். இதை நித்யா சொன்னபோது நான் அங்கே இல்லை. அவள் ஆட்டோ வருவதைப் பார்த்ததுமே பக்கத்து லாரிக்குப் பின்னால் நழுவிவிட்டேன். காதில் விழுந்தது.

"ஏஞ்சாமி, பின்னாடி மொட்டையா ஓடுனா வர்றவன் மோதிப்புட மாட்டானா?" என்றார் செல்வம், நிஜமான அக்கறையோடு.

"தெரியக்கூடாதுங்கண்ணா. அதுக்குத்தானுங்க இத்தன பாடு..." என்றாள் நித்யா, அழாத குறையாக.

செல்வம் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, நகத்தாலேயே ஒவ்வொன்றாக உரித்தார். பாதியில் பேராசிரியர் வந்துவிட்டார். அவரையும் காத்திருக்கச் சொல்லிவிட்டு உரித்தார். தகட்டில் ஒரு கீறல் இல்லை. இருபது வருடமாக ஒட்டுகிற கைக்கு உரிக்கத் தெரியாதா?

பட்டறையை ஒட்டிய திடலில் லாரி மெதுவாகப் போனது. பிறகு வேகமெடுத்தது. ரேடார் திரையில் இருந்த புள்ளி மங்கி மங்கிக் காணாமலே போனது. பேராசிரியர் தலையாட்டினார். நித்யா அழுதேவிட்டாள். ஒளிந்திருந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்?

எல்லாம் முடிந்து வண்டி ரோட்டுக்குக் கிளம்பும் நேரம். செல்வம் ஸ்டிக்கர் சுருளோடு வந்து பின்பக்க பம்பர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மிசினுக்குத் தெரியாட்டி போகுது சாமி. பொறத்தால வர்ற மனுசனுக்குத் தெரியோணுமல்ல?"

சுருளின் மறுமுனையை நித்யாவே பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஏனுங்கண்ணா, காவலுக்கு எங்க மாமா இருந்தாரே, பாத்தீங்களா?"

செல்வம் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை... ஒன்றரை மணி நேரம், தகடு இல்லாமலே!