லாசரஸ் சொன்ன ‘பரவால்ல’

எழுபத்தி ஒம்போது. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்குங்க. 1972 ஆகஸ்ட்ல மீனம்பாக்கத்துலேந்து பம்பாய்க்குக் கெளம்பின ஒரு ஜெட் விமானம், பைலட் ரூம்ல தீப்பொறி பறந்து, பொகையோட திரும்பி வந்துச்சு. அதுல இருந்த எழுபத்தி ஒம்போது பேரும் தன் கால்ல நடந்து எறங்கினாங்க. அதுல ஒருத்தர், நான் செக்ரட்டரியா இருந்த யூனியனோட மெம்பர், ப்ளேன் மெக்கானிக் லாசரஸ்.

பீர்க்கன்கரணை ஏரியோரம் வூடு. தாம்பரம் வரைக்கும் சைக்கிள், அப்புறம் எலெக்ட்ரிக் ட்ரெயின். சம்சாரம் ஹில்டா, ஸ்கூல் டீச்சர். கூட்டத்துக்கு வந்தா கடைசி பெஞ்ச். வாயே தொறக்க மாட்டார். இந்த ஆளால யூனியனுக்கு என்ன பிரயோஜனம்னு நானே நெனச்சிருக்கேன்.

அந்த ப்ளேன் கெளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம், பைலட் முன்னாடி இருக்கற கண்ணாடியைச் சூடாக்குற ஒயர் முனை கருத்திருந்ததைப் பாத்தார். சுரண்டி, முடுக்கினார். ஏணிக்குக் கீழ எஞ்சினியர் தேவானந்தம்.

"எப்படிப்பா இருக்கு?"

"பரவால்ல சார்."

நம்ம ஊர்ல காய்ச்சக்காரனும் பரவால்லன்னுதான் சொல்றான். கொணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. இன்னிக்கு ஓடும், நாளைக்குப் பாக்கணும், அவ்ளோதான். தேவானந்தமும் தமிழர்தான், புரியாம இல்ல. ஆனா ரிப்பேர் நோட்டுல இங்கிலீஷ்ல எழுதணும். ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ன்னு எழுதிட்டார். பரம திருப்தி!

மறுநாள் அதே ப்ளேன்ல லாசரஸை பம்பாய்க்கு வேற வேலையா அனுப்பினாங்க. மேல ஏறி அரை மணி நேரம் ஆகல, ரப்பர் கருகற வாசனை. மத்தவங்க மூக்கைச் சுளிச்சாங்க. அந்த ஒயர்தான்னு இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பைலட் ரூமுக்கு ஓடினார். உள்ள ஒரே பொகை. கண்ணாடி பூரா விரிசல். கேப்டன் ஆக்சிஜன் முகமூடியோட குனிஞ்சு மீட்டரைத் தேடிக்கிட்டிருந்தார். லாசரஸ் கண்ணை மூடிக்கிட்டு, தடவியே அந்த ஒயருக்கு கரண்ட் போற ஃப்யூஸைப் புடுங்கினார். ரெண்டு விரல் வெந்துபோச்சு. பொறி நின்னுச்சு. வண்டி திரும்புச்சு.

டெல்லிலேந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். தமிழ் தெரியாது. ஒயரைப் பாத்துட்டு என்ன சொன்னேன்னு லாசரஸைக் கேட்டார்.

"பரவால்லன்னு சொன்னேன் சார்."

மொழிபெயர்த்த கிளார்க் டைப் அடிச்சான்: ‘டஸ் நாட் மேட்டர்’. விட்டுத்தள்ளுன்னு அர்த்தம். தீப்பிடிக்கப் போற ஒயரைப் பாத்து மெக்கானிக் விட்டுத்தள்ளுன்னு சொன்னதா ரெக்கார்டு ஆயிடுச்சு. தேவானந்தத்துக்கு எச்சரிக்கை. லாசரஸ் சஸ்பெண்ட். அடுத்தது டிஸ்மிஸ்தான். அந்தக் கறையோட போனா எந்த ஹேங்கர்லயும் சேக்க மாட்டான். யூனியன் நின்னாத்தான் உண்டு.

ஞாயித்துக்கிழமை பல்லாவரத்துல கூட்டம் போட்டேன். நூத்தி நாப்பது பேர். எல்லாரும் லாசரஸைச் சுத்தி நின்னாங்க.

"செத்துப் பொழச்சவன்னு பைபிள் பேர்லயே கீதேய்யா உனக்கு!" ஃபிட்டர் ஜெயவேலு முதுகுல தட்டினான். "அந்த ஃப்யூஸைப் புடுங்காம இருந்திருந்தா என்கொயரியே கெடையாது மச்சான். நேரா மேல போயி பதில் சொல்லியிருக்கலாம்."

"அங்க மொழிபெயர்க்க கிளார்க் வேணாம்"னார் லாசரஸ். எல்லாரும் சிரிச்சாங்க. கூட்டத்துல அவர் பேசி அன்னிக்குத்தான் கேட்டேன்.

எல்லாரும் உக்காந்ததும் தீர்மானத்தை வாசிச்சேன்: அவரை வேலையில சேக்கற வரைக்கும் ஸ்ட்ரைக். சிரிப்பு நின்னுச்சு. ஜெயவேலுதான் எழுந்தான்.

"அண்ணா, ஸ்ட்ரைக்னா மேனேஜ்மென்ட்டு எல்லா நோட்டையும் பொரட்டுவான். டெய்லி நானும் பரவால்லன்னுதான் சொல்லிகினு கீறேன். ஏணி மேல கீற எவன் சொல்லல? நீ ஆபீஸ்ல குந்திகினு எழுதுற. எங்க பேரு அந்த நோட்டுல கீது."

அவன் சொன்னது பொய்யில்ல.

லாசரஸ் கட்டுப்போட்ட கையை மடியில வெச்சுக்கிட்டு தரையைப் பாத்துக்கிட்டிருந்தார்.

ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னேன். எண்றது செக்ரட்டரி வேலை. எண்ணினேன்.

மூணு.