மைசூர் டூருக்கு ஒரு கேமரா

சேலைகளைப் படம் எடுப்பது என் வேலை. ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் பல வருடங்களாக இருக்கிறேன். முன்பெல்லாம் கீழே நின்று சேலை விரித்துக் காட்டுவேன். வாட்ஸப்பில் வியாபாரம் தொடங்கிய பிறகு முதலாளி ஒரு போனைக் கையில் கொடுத்து என்னை மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார். சேலையின் உடலுக்கு ஒரு படம், பார்டருக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று, ஜரிகையைக் கிட்டத்தில் ஒன்று. எடுத்ததும் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் குரல் செய்திகள் வரத் தொடங்கும். படத்தில் அரக்கு நிறமாக இருந்தது, கையில் வந்தது வேறு சிவப்பு என்பார்கள். வெயிலில் வைத்து இன்னொன்று எடுங்கள் என்பார்கள். தோளில் போட்டுக் காட்டுங்கள், முகம் வேண்டாம் என்பார்கள். எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்குள் பேச்சே மிச்சமிருக்காது.

அப்படி ஒரு சாயங்காலம், நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் டூர் சமாச்சாரத்தை ஆரம்பித்தாள். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருடம் பள்ளியில் பக்கத்தில் இருக்கிற திருமலைக்குக் கூட்டிப்போய்ச் சமணர் குகைகளைக் காட்டிவிட்டு அன்றைக்கே திருப்பி அழைத்து வந்தார்கள். இந்த வருடம் மைசூர், வெளியூரில் தங்குகிற டூர். யாரும் போன் கொண்டுவரக் கூடாது, சாதாரண கேமரா இருந்தால் கொண்டுவரலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். எனக்கு ஒரு கேமரா வேண்டும் என்றாள். அரிசி கழுவிக்கொண்டே சரி என்றேன். மறுத்துப் பேசினால் அதற்கும் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்காரர் அரிசி லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி ஓட்டுகிறவர். போனில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "போட்டோ எடுக்கிறதுதான உன் பொழப்பு. உனக்குத் தெரியாததா? நீயே பாத்து வாங்கிக் குடு" என்றார். இப்படி எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும்.

மதிய சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். ஒரு பக்கம் முயல் காது வைத்த பொம்மைக் கேமராக்கள், சின்னக் குழந்தைகளுக்கானவை. இன்னொரு பக்கம் கல்யாண வீட்டுக்காரர்கள் தோளில் மாட்டித் திரிகிற பெரியவை. நடுவில் இருந்த ஒன்றிரண்டைப் பற்றி ஒருவர் அருமை என்று எழுதியிருந்தார், அடுத்தவர் வாங்கின வாரமே கெட்டுப்போனது என்று எழுதியிருந்தார். படித்துப் படித்து சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

பஜாரில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிற ஸ்டுடியோவில் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதிரி சின்னக் கேமராவை அவர் பார்த்தே வெகுகாலம் ஆகிறதாம், போன் வந்த பிறகு யாரும் கேட்பதில்லையாம். வேலூரில் கேமரா ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் பழையதும் விற்கிறார் என்று இடம் சொல்லி அனுப்பினார்.

முகூர்த்த மாதம். லீவு கேட்டதும் முதலாளி முகம் சுருங்கியது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போய் வாருங்கள் என்றார். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து யூனிஃபார்மோடு வந்த மகளைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டே போனோம். உட்கார இடம் கிடைத்ததும் நான் தூங்கிவிட்டேன். வேலூர் வந்ததும் அவள்தான் தட்டி எழுப்பினாள்.

கடை ஒரு குறுகலான மாடியில் இருந்தது. கடைக்காரர் மேசை விளக்கடியில் ஏதோ லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கேமராக்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று சிவப்பு, சீப்பு மாதிரி மெல்லியது, பளபளவென்று இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறம், தடிமன், பார்க்க ஒரு சோப்பு டப்பா. மகளின் கை நேராகச் சிவப்புக்குப் போய்விட்டது.

நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். சிவப்பை ஒரு கையில் பிடித்தால் வழுக்கியது. பேட்டரி மூடி லேசாக ஆடியது. அதற்கென்று தனி சார்ஜர். தங்கும் ரூமில் இத்தனை பெண்கள் இருக்கும்போது இவளுக்கு பிளக் பாயின்ட் கிடைக்குமா என்று யோசித்தேன். சாம்பல் கேமராவுக்குப் பென்சில் செல் போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். விரல் பதிய ஒரு மேடு இருந்தது. கையில் மாட்டிக்கொள்ளக் கயிறு இருந்தது. திறந்து, அழுத்தினால் படம். வேறு எதையும் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெளிச்சத்தில் எப்படி விழுகிறது பார்க்கலாம் என்று மகளை வாசலுக்கு வரச் சொல்லி ஒன்று எடுத்தேன். துப்பட்டாவின் நீலம் நீலமாகவே வந்திருந்தது. மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. திருப்தியாக அவளிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ம்மா, என் தலை எங்க?" என்று கேட்டாள்.

கழுத்துக்கு மேலே நான் எடுக்கவே இல்லை. கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு மாதிரியாகவும் இருந்தது.

சாம்பலையே வாங்கினேன். திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பசங்க சிரிப்பாங்க, இது தாத்தா காலத்துக் கேமரா என்று முணுமுணுத்தாள். எது நல்லது என்று எனக்குத் தெரியும், தினமும் இதைத்தானே செய்கிறேன் என்றேன்.

"நீ எடுக்கிறது சேலைம்மா. அது வெச்ச எடத்துல கெடக்கும். நான் எடுக்கப் போறது ஆளுங்கள."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வீடு வந்து சேரும் வரை அந்த டப்பா என் மடியிலேயே இருந்தது.

ஆனால் கோபம் அவளுக்கு நாளாக நாளாகக் குறைந்தது. பக்கத்து வீட்டு ஆட்டை எடுத்தாள், தண்ணீர் லாரியைச் சுற்றி நின்ற குடங்களை எடுத்தாள், மாவு கரைத்துக்கொண்டிருந்த என்னை எடுத்தாள். வகுப்பில் வேறு யார் வீட்டிலும் கேமரா வாங்கித் தரவில்லை என்று ஒருநாள் வந்து சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

புறப்பட்ட அன்று விடியற்காலை பள்ளி வாசலில் டூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் கையில் கேமராவைப் பார்த்ததும் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என் பொண்ண நல்லா எடும்மா, அரண்மனை முன்னாடி நிக்க வெச்சு எடும்மா, பிருந்தாவனத்துல தண்ணி லைட்டு முன்னாடி எடும்மா. அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். எனக்கு வேலைக்கு நேரமாகிறதே என்றிருந்தது. பஸ் நகர்ந்ததும் நேராகக் கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம், மடியில் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை விரிந்திருக்க, டீச்சர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது மகள்.

"இன்னா பாப்பா, உடம்பு சரியில்லியா?"

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். மற்றதைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பஸ் ஏறியதிலிருந்து அவளை யாரும் விடவில்லையாம். அரண்மனையில் தூணுக்குத் தூண் நிற்கிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டவள் மறுபடி எடு என்கிறாளாம். குரூப் எடுக்க டீச்சரும் கூப்பிடுகிறாராம். மேலே கூரை எப்படி இருந்தது என்று வெளியே வந்து மற்றவர்கள் பேசும்போதுதான் தனக்குத் தெரியும் என்றாள். மிருகக்காட்சி சாலையிலும் அதே கதையாம்.

"பேஜாரா கீதும்மா. எல்லாரும் பாத்துகினு போறாங்க. நான் அவங்களையே பாத்துகினு நிக்கிறேன்."

அழுகிற குரல் இல்லை. அலுத்துப்போன குரல். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையதுதான் அது. இந்த வயதில் அவளிடமிருந்து அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

"பையில போட்டு ஜிப்ப மூடிடு" என்றேன்.

"கேப்பாங்களே."

"கேட்டா எங்கம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லு. இன்னா கேக்கணுமோ எங்கிட்ட கேக்கட்டும். நீ போய்ப் பாரு."

சரிம்மா என்று போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். நான் சேலையின் முந்தானையைத் திருப்பிப் போட்டு அடுத்த படத்தை எடுத்தேன்.

சொன்னது போலவே அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். டூர் முடிந்து பிள்ளைகள் வந்த மறுநாள், கடைக் கம்ப்யூட்டரில் மெமரி கார்டைப் போட்டு இருந்த படங்களையெல்லாம் பெற்றோர் குரூப்பில் அனுப்பினேன். நன்றி சொன்னவர்கள் உண்டு. பிருந்தாவனத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டவர்களும் உண்டு. நீங்கதான் எடுக்க வேணாம்னு சொன்னீங்களாமே என்று ஒருவர் எழுதினார். சேலை வாங்கியவர்களுக்கு எழுதுவது போலவே மன்னிக்கவும் என்று எல்லோருக்கும் எழுதினேன். அது கையில் தானாக வருகிறது.

ஒரு அம்மா மட்டும் எழுதவில்லை. ஒரு நாள் மதியம் நேரில் வந்தார். தேசூர் பக்கம் ஒரு கிராமம். பெண்ணைப் படிப்புக்காக ஆரணியில் தங்கை வீட்டில் விட்டிருக்கிறார். கடை மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, கோபமே இல்லாமல் பேசினார்.

"எல்லாப் புள்ளைங்களும் இருக்குதுங்க. எம்பொண்ணு மட்டும் ஒண்ணுலயும் இல்லீங்க."

உட்கார வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அரண்மனை முன்னால் எடுத்த குரூப் படத்தில், கடைசி வரிசை ஓரத்தில், இன்னொரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தது. அதுதான் என்றார். அந்தப் பாதி முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அவர் போனுக்கு அனுப்பினேன். புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரிந்தது. அவர் போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "போதுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார். கேமராவைப் பையில் போடச் சொல்லி என் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"அவ எங்கிட்ட கேக்கவே இல்லம்மா. கேட்டவங்கள எல்லாம் எடுத்தேன். கேக்காதவ விட்டுப்போயிட்டா."

பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கேமராவைப் பையில் போட்டதும் மற்றவர்கள் கோபித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்களாம். பிருந்தாவனத்தில் இவள் தனியாக ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். தண்ணீர் மேலே எழும்பி நிறம் மாற மாற, அடுத்து என்ன நிறம் வரும் என்று இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்களாம். அந்தப் பெண் சொன்னது ஒவ்வொரு முறையும் தப்பாகிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீச்சர் வந்து அதட்டிவிட்டுப் போனாராம். அவளுக்கு அவ்வளவு பேச வரும் என்றே தனக்குத் தெரியாது என்றாள் மகள்.

எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் அந்த அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். மதியம் நான் அப்படி ஒரு படத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். அதை விடுங்கள் என்றார். உங்கள் பெண்ணும் என் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து தண்ணீர் லைட் பார்த்திருக்கிறார்கள், சிரித்து டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அதற்கு அவர் சொன்னார்.

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லீங்க. எப்படி இருந்திச்சின்னா நல்லா இருந்திச்சும்பா, அவ்ளோதான். உங்க பாப்பா கிட்ட குடுங்களேன், அது சொல்லட்டும், நான் கேக்கிறேன்."

மகள் போனை வாங்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தாள். ஆன்ட்டி, முதல்ல பச்சை வந்துச்சு என்று தொடங்கினாள். நான் பாயை விரித்துப் படுத்தேன். அடுப்பில் உலை வைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும். புறப்பட்டதிலிருந்து சொல்லச் சொன்னார் போலிருக்கிறது. மைசூருக்கு முன்னால் இருக்கிற ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கே அவள் இன்னும் வரவில்லை, பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் என்பதைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கட்டும், பிறகு எழுந்துகொள்ளலாம் என்று அப்படியே கிடந்தேன்.